ஹேண்ட் சீமரில் தகடு மடிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மொட்டைமாடி ஷெட்டுக்கு ஃபிளாஷிங் (கூரையின் ஓரத்திலும் சுவரைத் தொடும் இடத்திலும் மழைநீர் புகாமல் தடுக்கும் மடித்த தகடு) மடித்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் மூன்றடி நன்றாக வருகிறது. அப்புறம் மடிப்பின் முதுகில் மயிரிழை போல ஒரு கீறல். அல்லது ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது. அல்லது கையை எடுத்ததும் மடிப்பு பாதி விரிந்துகொள்கிறது. அந்த நேரத்தில் யாருக்கும் கோபம் குறட்டின் மேல்தான் வரும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படிக் கோபப்பட்டு அடுத்தடுத்து மூன்று ஹேண்ட் சீமர் வாங்கினேன். மூன்றும் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு தகட்டில் இருந்தது.

ஹேண்ட் சீமரைப் பார்த்திராதவர்களுக்கு: வாய் மட்டும் 3 அங்குலமோ 6 அங்குலமோ அகலமாக, பட்டையாக இருக்கும் குறடு அது. தகட்டின் ஓரத்தைக் கவ்விக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி மடிப்பதற்கு. வாயின் ஆழம் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம். உள்ளே கால் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். மடிக்கும் மெஷினைக் கூரை மேல் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால்தான் இதற்கு இன்னும் மதிப்பு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். அதே ஷீட்டில் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, 90 டிகிரி மடியுங்கள். பிறகு முழுதாக நசுக்கிப் படிய வையுங்கள். மடிப்பின் முதுகை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு காந்தத்தையும் ஒட்டிப் பாருங்கள்: ஒட்டினால் இரும்புத் தகடு, ஒட்டாவிட்டால் அலுமினியம், செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ். இந்த இரண்டு சோதனைக்கும் சேர்த்து மூன்று நிமிஷம் ஆகாது. கீழே உள்ளதில் பாதி குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

மடிப்பின் முதுகில் கீறல் விழுகிறது, நசுக்கினால் முறிகிறது

கலர் ஷீட் வாங்கியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதற்குக் காரணம் தடிமன் என்று நினைத்து 0.5 மி.மீ.-லிருந்து 0.4-க்கு இறங்குவார்கள். அதுவும் கீறும்.

கூரைக்குப் போடும் நெளி ஷீட் பெரும்பாலும் ஜி550 என்கிற கடினமான எஃகு. அந்த 550 என்பது மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கணக்கு. அந்த அளவு விசை வரும்வரை தகடு வளைந்து நிற்காது, திரும்பிவிடும். நெளி நெளியாக உருட்டி, இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஆள் ஏறினாலும் தாங்கவேண்டிய ஷீட்டுக்கு இந்தக் கடினம் தேவைதான். ஆனால் கடினம் ஏற ஏற நீளும் குணம் போய்விடும். தர அட்டவணையில் ஜி550-க்குக் கேட்கும் நீட்சி வெறும் 2 சதவீதம். ஃபிளாஷிங்குக்கு ஏற்ற ஜி300 ரகத்துக்கு அது ஏறக்குறைய பத்து மடங்கு. ஒரு தகட்டைத் தன்மேலேயே மடித்து நசுக்கும்போது வெளி முதுகு நன்றாக நீண்டாகவேண்டும். நீள முடியாதது கீறுகிறது. குறடு என்ன செய்யும்?

நடப்பது என்னவென்றால், கடையில் நெளி ஷீட் போட்ட அதே காயிலிலிருந்து (தகட்டுச் சுருளிலிருந்து) வெட்டிய சமதளத் துண்டை “பிளைன் ஷீட்” என்று கொடுத்துவிடுகிறார்கள். நிறமும் பொருந்தும், விலையும் பொருந்தும். ஒரு முறை நான் அப்படி வாங்கிய நாற்பதடி ஷீட்டில் பாதியை மடித்த பிறகுதான் எல்லா ஓரத்திலும் கோடு ஓடியிருப்பதைப் பார்த்தேன். கடைக்காரரைக் கேட்டால், “நீங்க கேஜ் மட்டும்தான சார் கேட்டீங்க?” என்றார். கேஜ் என்பது தடிமனைச் சொல்லும் எண். அவர் சொன்னதும் சரிதான். இப்போதெல்லாம் ஃபிளாஷிங்குக்கு என்று சொல்லி, சாஃப்ட் ரகம், ஜி250 அல்லது ஜி300 என்று தனியாகக் கேட்கிறேன். “எல்லாம் ஒண்ணுதான்” என்று பதில் வந்தால் அந்தக் கடையிலேயே ஒரு துண்டு வாங்கி மடித்துக் காட்டச் சொல்கிறேன்.

கடின ஷீட்டை ஏற்கெனவே வாங்கி வெட்டியும் விட்டீர்கள் என்றால் தப்பிக்க வழி உண்டு. நசுக்கிப் படிய வைக்காதீர்கள். மடிப்பின் உள்வளைவுக்குத் தகட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆரமாவது விடவேண்டும். இதற்குப் பழைய தகரப் பட்டறை வேலை ஒன்று கைகொடுக்கும்: வாளியின் வாய் ஓரத்தில் உள்ளே கம்பி வைத்துச் சுருட்டியிருப்பார்களே, அதேதான். 14 கேஜ் கம்பி 2 மி.மீ. தடிமன், அதை உள்ளே வைத்து ஓரத்தை அதன்மேல் சுற்றினால் 1 மி.மீ. ஆரம் தானாகக் கிடைத்துவிடும். 0.45 தகட்டுக்கு அது கச்சிதம். ஓரமும் விறைப்பாக நிற்கும். கூரையில் விடும் கம்பி துருப்பிடிக்காத ரகமாக, முலாம் பூசிய கம்பியாக இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், எஃகு காயிலில் உருட்டும்போது நீளவாக்கில் ஒரு “நார்” ஓடும், மரத்தில் ஓடுவதுபோல. மடிப்புக் கோடு அந்த நாருக்குக் குறுக்கே போனால் தகடு அதிகம் தாங்கும். நாரோடு சேர்ந்து போனால் சீக்கிரம் கீறும். வருத்தம் என்னவென்றால் நீள ஃபிளாஷிங் எல்லாமே நாரோடுதான் மடிகிறது. குறுக்கே வெட்டினால் நான்கடி அகலத்துக்கு மேல் துண்டு கிடைக்காது, நான்கடிக்கு ஒரு ஜாயிண்ட் போடவேண்டிவரும். எனவே இந்த யுக்தியை மூலைத் துண்டு, பைப்பைச் சுற்றிய தகடு போன்ற சின்ன வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி ஓரத்துக்கு அது லாபமில்லை.

டார்ச் வைத்துச் சூடாக்கினால் இளகாதா என்று கேட்பார்கள். முலாம் பூசிய எந்தத் தகட்டையும் சூடாக்காதீர்கள். துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு மேல் சூடேற்றி வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் இரவு குளிர்காய்ச்சல் வரும்.

காந்தம் ஒட்டாத தகடு கீறினால்

அலுமினியம் என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டின் ஓரத்திலோ பில்லிலோ எச்14, எச்16, எச்18 என்று ஏதாவது எழுதியிருக்கும். கடைசி இலக்கம்தான் உங்களுக்கு வேண்டியது: 4 என்றால் அரைக் கடினம், 8 என்றால் முழுக் கடினம். 3003 அல்லது 3105 கலவையில் எச்14 வாங்குங்கள், 0.7 மி.மீ. வரை கைக்குறட்டில் அலுப்பில்லாமல் மடியும். எச்18 பளபளவென்று நிற்கும், ஆனால் நசுக்கினால் உடையும்.

கீறல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியிருக்கிறதா? அப்படியானால் ரகத்தின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் ஊசியால் கோடு கிழித்த இடம் அது. அலுமினியம் ஒரு சின்னக் கீறலைக்கூட மறக்காது, மடிக்கும்போது அங்கேயே பிளக்கும். மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். பென்சிலும் வேண்டாம், பென்சிலின் கிராஃபைட் அலுமினிய-துத்தநாக முலாமின் மேல் ஈரத்தில் அரிப்பை உண்டாக்கி, நீங்கள் போட்ட கணக்கை ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அப்படியே காட்டிக்கொடுக்கும்.

மடித்ததைத் திருப்பி நிமிர்த்தி மறுபடி மடிப்பது அலுமினியத்தில் கூடவே கூடாது. கோணம் தப்பிவிட்டால் அந்தத் துண்டை வேறு சின்ன வேலைக்கு எடுத்து வையுங்கள்.

செம்பின் கதை வேறு. முதல் மடிப்பு வெண்ணெய். இரண்டாவது மடிப்பு பரவாயில்லை. மூன்றாவது முறை அதே இடத்தைத் தட்டினால் விறைத்துக்கொண்டு விளிம்பு கிழியும். தட்டத் தட்டச் செம்பு கடினமாகிறது என்பது நம் பாத்திரப் பட்டறைகளில் சின்னப் பையனுக்கும் தெரியும். கேரளக் கோயில்களின் ஸ்ரீகோவில் கூரைகளில் செப்புத் தகடு வேய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அந்த வேலைக்காரர்களும் இந்தக் குணத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். மருந்து: கீழே, தரையில் வைத்து, மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். எஃகைப் போலச் செம்பு இதில் கடினமாகாது, பழையபடி இளகிவிடும். மேலே படிந்த கருப்பும் பாதி உதிர்ந்துவிடும். கூரை மேல், மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் டார்ச் எடுக்காதீர்கள். 0.55 முதல் 0.7 மி.மீ. வரை இளகிய செம்பு ஹேண்ட் சீமருக்கு ஏற்றது. என் கைக்கு இதைவிட இதமான தகடு வேறில்லை; என் பைக்கு இதைவிடக் கடுமையானதும் இல்லை.

துத்தநாகத் தகடு நம்மூரில் கைக்கு வருவது அபூர்வம். பாரிஸ் நகரத்துக் கூரைகள் பெரும்பாலும் அதுதான். அந்தக் கூரைக்காரர்களின் கைத்திறனை 2024-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவிலோ கனடாவிலோ கூரை வேலை செய்யும் நம்மவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: தகடு 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் மடிக்காதீர்கள், பிஸ்கட் போல உடையும். ஹாட் ஏர் கன்னால் இளஞ்சூடாக்கிக்கொண்டு, வளைவைக் கூர்மையாக்காமல் மடியுங்கள்.

உலோகம் நன்றாக இருக்கிறது, கலர் மட்டும் வெடிக்கிறது

மடிப்பின் மேல் பெயிண்டில் நுண்ணிய வெடிப்பு தெரியும், அடியில் தகடு முழுசாக இருக்கும். வளைவு மிகவும் கூர்மை என்று அர்த்தம். கொஞ்சம் உருண்டையாக விடுங்கள். பெயிண்டில் வெடிப்புக்குப் பதில் பட்டைப் பட்டையாகத் தேய்ப்பு இருந்தால் அது குறட்டு வாயின் வேலை: வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பத்தடிக்கு ஒரு முறை மாற்றுங்கள். இரும்பு பிடித்த அதே வாயால் ஸ்டெயின்லெஸ்ஸையும் பிடித்தால் இரும்புத் துகள் அதில் ஒட்டி, சில வாரத்தில் துருப்புள்ளி தெரியும். “ஸ்டெயின்லெஸ்னு ஏமாத்திட்டீங்களே” என்று வீட்டுக்காரர் கூப்பிடுவார். அதற்கும் டேப்தான்.

கையை எடுத்ததும் மடிப்பு விரிகிறது

90 டிகிரி மடித்தால் 80-இல் நிற்கிறது. கடின எஃகிலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் இது இயற்கை. உங்கள் சோதனைத் துண்டு எத்தனை டிகிரி திரும்பியதோ அத்தனை டிகிரி கூடுதலாக மடியுங்கள். தகடு மெல்லியதாக இருந்தால் திரும்புவதும் அதிகம்.

ஸ்டெயின்லெஸ் 304-ஐ ஹேண்ட் சீமரில் 0.4, மிஞ்சினால் 0.5 மி.மீ. வரைதான் எடுத்துக்கொள்வேன். தயங்கித் தயங்கிக் கொஞ்சம் மடித்து, விட்டு, மறுபடி மடித்தால் ஒவ்வொரு தடவையும் கடினமாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு பிடியிலும் கோணத்தைத் தீர்மானமாகக் கொண்டுவந்து விடுங்கள். வேடிக்கை ஒன்று: சமதளத்தில் காந்தம் ஒட்டாத 304, மடித்த முனையில் லேசாக ஒட்டும். அதைப் பார்த்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். மடிப்பின் அழுத்தத்தில் உள்ளே உலோகத்தின் அமைப்பு மாறுகிறது, அவ்வளவுதான்.

ஓரம் நெளிகிறது

இது ஒன்றுதான் உண்மையில் கையின் தவறு. ஒரு முனையில் பிடித்து முழுதாக 90 வரை மடித்துவிட்டுப் பக்கத்து இடத்துக்கு நகர்ந்தால், மடித்த பகுதிக்கும் மடிக்காத பகுதிக்கும் நடுவில் தகடு இழுபடுகிறது. இழுபட்ட நீளம் எங்கே போகும்? அலையாக நிற்கும். பிறகு சுத்தியால் எவ்வளவு தட்டினாலும் அந்த அலை இடம் மாறுமே ஒழியப் போகாது.

முழு நீளத்துக்கும் முதலில் 20, 25 டிகிரி மட்டும் தூக்குங்கள். திரும்ப ஆரம்பத்துக்கு வந்து 50. அப்புறம் 90. ஒவ்வொரு பிடியும் முந்தைய பிடியின் பாதியை மூடவேண்டும். நீள வேலைக்கு 6 அங்குல வாய், மூலைக்கும் கடினத் தகட்டுக்கும் 3 அங்குல வாய். வாயின் அடிக்கோடு உங்கள் மார்க்கர் கோட்டில் ஒவ்வொரு முறையும் உட்காருகிறதா என்று பாருங்கள். ஆறடிக்கு மேல் போனால் நான் குறட்டையே தொடுவதில்லை: இரண்டு எல்-ஆங்கிளுக்கு நடுவில் தகட்டை வைத்து சி-கிளாம்ப் போட்டு, மரச்சுத்தியால் மெதுவாக மடித்துவிடுவேன். கடைசி நசுக்கலுக்கு மட்டும் சீமர்.

மூலையில் கிழிந்தால், வெட்டின் முடிவில் 3 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டு மடியுங்கள்.

பலம் பத்தவில்லை, கைப்பிடி வளைகிறது

இங்கேதான் கேஜ் என்ற சொல் ஆளைக் கவிழ்க்கும். நம்மூர்க் கடையில் 24 கேஜ் என்றால் எஸ்டபிள்யூஜி என்கிற பிரிட்டிஷ் கணக்கில் 0.56 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் அதே 24 கேஜ் வெறும் எஃகுக்கு 0.61, ஜிஐ ஷீட்டுக்கு (துத்தநாக முலாம் பூசிய எஃகு) 0.70, அலுமினியத்துக்கு 0.51. ஒரே எண்ணுக்கு நான்கு தடிமன். குறட்டின் அட்டையில் 22 கேஜ் வரை என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு, அதுவும் மென்மையான எஃகுக்குச் சொன்னது. மைக்ரோமீட்டர் வைத்து மி.மீ.-இல் பேசுங்கள்.

மடிக்க வேண்டிய பலம் தடிமனின் வர்க்கத்தில் ஏறும். 0.45-லிருந்து 0.63-க்குப் போனால் பலம் இரண்டு மடங்கு வேண்டும்; பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சாஃப்ட் ஜிஐ என்றால் 6 அங்குல வாய்க்கு 0.55, 3 அங்குல வாய்க்கு 0.7 என்பது என் எல்லை. அதற்கு மேல் கைப்பிடியில் பைப் செருகி நெம்பாதீர்கள். வாய் ஒரு முறை கோணிவிட்டால் அப்புறம் எந்த மடிப்பும் நேராக வராது. 0.8, 1 மி.மீ. எல்லாம் பெண்டிங் மெஷின் வேலை.

கலர் ஷீட்டில் சொல்லும் 0.5 என்பது முலாமும் பெயிண்டும் சேர்ந்தது. உள்ளே இருக்கும் எஃகு அதைவிடக் குறைவு. மடிப்பதற்கு அது உங்களுக்குச் சாதகம். விலைக்கு, சாதகம் யாருக்கென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மழைக்காலம் போனதும் மடிப்பில் துரு

முதலில் முலாமின் அளவைப் பாருங்கள். ஜிஐ ஷீட்டில் 120, 275 என்று சொல்வது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் என்ற கணக்கு. 275 என்றால் ஒரு பக்கத்துக்கு சுமார் 19 மைக்ரான். 120 என்றால் சுமார் 8 மைக்ரான்தான். 8 மைக்ரானை நசுக்கி மடித்தால் முதுகில் மிஞ்சுவது சொற்பம். கடலோரத்தில், எண்ணூரோ நாகப்பட்டினமோ, அலை சத்தம் கேட்கும் தூரத்தில் என்றால் மடிப்பு வேலைக்கு அலுமினியமே எடுங்கள்.

துரு மடிப்பில் இல்லாமல் வெட்டிய ஓரத்தில் என்றால் கிரைண்டர் போட்டிருப்பீர்கள். அதன் தீப்பொறி முலாமை எரித்துவிட்டு, பக்கத்து ஷீட்டிலும் போய் ஒட்டித் துருப்பிடிக்கும். கத்தரியால் வெட்டுங்கள். சிவப்புக் கைப்பிடி இடப்பக்க வளைவுக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு, மஞ்சள் நேருக்கு.

துருவுக்குப் பதில் வெள்ளை மாவு பூத்திருந்தால், ஷீட்டுகளை அடுக்கி ஈரத்தோடு மூடி வைத்தது காரணம். மெலிதாக இருந்தால் துடைத்து உலர்த்தினால் போதும்.

மேலிருந்து வடியும் தண்ணீரையும் பாருங்கள். செப்புத் தகட்டிலிருந்து வடியும் நீர் கீழே ஜிஐ-யிலோ அலுமினியத்திலோ விழுந்தால் அந்த வழி அரித்துப் போகும். பாலிகார்பனேட் ஷீட்டிலிருந்து வெறும் ஜிஐ கட்டரில் (கூரையோர மழைநீர்த் தொட்டியில்) விழும் சுத்தமான மழைநீர்கூட, விழுகிற இடத்தில் துத்தநாகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். சுவரில் காடி வெட்டிச் செருகும் ஃபிளாஷிங்கில் ஈரச் சிமெண்ட் நேராகப் படக்கூடாது. அதன் சுண்ணாம்புக் காரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். ஓரத்தில் பெயிண்ட் அடித்துவிட்டுச் செருகுங்கள். சிலிகான் பூசுவதென்றால் வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் ரகம்.

காலையில் நேராக இருந்தது, மதியம் உப்பி நிற்கிறது

அலுமினிய ஃபிளாஷிங் போட்ட வீடுகளில் இந்தப் புகார் வரும். அதிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவில் தகட்டின் சூடு 40 டிகிரி ஏறினால் மூன்று மீட்டர் அலுமினியம் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், அதே நீள எஃகு அதில் பாதி. இரண்டு முனையிலும் ரிவெட் அடித்து இறுக்கிவிட்டால் அந்த 3 மி.மீ. போக இடமில்லாமல் நடுவில் உப்பும், சாயங்காலம் டப் டப்பென்று சத்தம் போட்டு இறங்கும். ஒரு முனையை மட்டும் இறுக்குங்கள். மற்ற ஓட்டைகளை நீளவாக்கில் 5 மி.மீ. இழுத்து விட்டு, அலுமினிய ரிவெட்டை வாஷரோடு தளர்வாகப் போடுங்கள். ஏற்கெனவே இறுக்கிவிட்டீர்கள் என்றால் ரிவெட்டைத் துளைத்து எடுத்து அதே ஓட்டையை அகலப்படுத்தினால் போதும். தகட்டை மாற்ற வேண்டியதில்லை. இந்த வேலையைக் காலை ஏழு மணிக்குள் செய்யுங்கள். பதினொரு மணிக்கு அந்தத் தகட்டின் மேல் கை வைக்க முடியாது.